குவளையில் தொடங்கிய வழக்கு: அயல்நாட்டுக் கிறிஸ்தவச் சிறுபான்மையினரின் மத சுதந்திரம் எப்படிக் காக்கப்படுகிறது?

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள எங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு நடக்கும். 2023 ஆகஸ்டில், வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து செல்வோர் சாலையில் தென்படத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறன்று, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்த வாரம்தான், ஆகஸ்ட் 16 அன்று, பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலுள்ள ஜரன்வாலா என்னும் ஊரில், குர்ஆனை இழிவுபடுத்தியதாக இருவர்மீது எழுந்த குற்றச்சாட்டைத் தொடர்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களும் கிறிஸ்தவர்களின் வீடுகள் பலவும் ஒரே நாளில் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. விசுவாசிகள் மன்றாட்டில் அவர்களுக்காகவும் வேண்டியிருந்தோம். "அது அவங்க நாடு, அவங்க சட்டம். நாம எப்படி டீச்சர் கேக்க முடியும்?" என்றாள் அவள்.

கேள்வி நியாயமானது. ஒரு நாட்டின் எல்லைக்குள் வாழும் சிறுபான்மையினரின் வழிபாட்டைப் பற்றி வெளியிலிருப்பவர்கள் எந்த உரிமையில் பேசலாம், பேசினால் அதனால் என்ன நடக்கும் என்பதைத் தொடக்கத்திலிருந்து விளக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாடுகள் பல இருந்தாலும், நம் பக்கத்து நாடும் நம்மோடு ஒரே சட்டப் பாரம்பரியத்தைப் பகிர்ந்துகொள்வதுமான பாகிஸ்தானையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் மத சுதந்திரம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மனத்துக்குள் இருப்பது: ஒரு சமயத்தை நம்புவது, நம்பாமல் இருப்பது, நம்பிக்கையை மாற்றிக்கொள்வது. இதில் எந்த அரசும் எந்தக் காரணம் சொல்லியும் கைவைக்க முடியாது. மற்றொன்று, வெளியே தெரிவது: கூடி வழிபடுவது, கோயில் கட்டுவது, பிள்ளைகளுக்குக் கற்பிப்பது, திருவிழா எடுப்பது. இதற்கு அரசு வரம்பு விதிக்கலாம். ஆனால் அந்த வரம்பு சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், பொதுமக்களின் பாதுகாப்புக்கோ நல்வாழ்வுக்கோ பிறருடைய உரிமைக்கோ உண்மையிலேயே தேவைப்பட வேண்டும், எல்லா மதத்தாருக்கும் ஒரே அளவில் பொருந்த வேண்டும். டெல்டாவில் பிறந்த யாருக்கும் இது தேர்த்திருவிழாவை வைத்துச் சொன்னால் விளங்கிவிடும். ஆம்புலன்ஸ் செல்லும் சாலை என்பதால் தேர்பவனியை அடுத்த தெரு வழியாகக் கொண்டுபோகுமாறு காவல்துறை கேட்டால் அது வரம்பு. "உங்கள் சாமி இந்தத் தெருவுக்குள் வரக் கூடாது" என்று சொன்னால் அது மறுப்பு. சப்பரம் எங்களுடையதாக இருந்தாலும், அம்மன் கோயிலுடையதாக இருந்தாலும், சந்தனக்கூடாக இருந்தாலும் வேறுபாடு இதுவேதான்.

தொடக்கநிலையில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மத சுதந்திரம் மனிதரைக் காக்கிறது. மதத்தை விமரிசனத்திலிருந்தோ அவமதிப்பிலிருந்தோ காப்பது அதன் வேலையன்று. மத நிந்தனைச் சட்டங்கள் எனப்படுபவை இதற்கு எதிர்த்திசையில் செல்கின்றன. அவை ஒரு நம்பிக்கையைக் காப்பதாகச் சொல்லி, மாற்று நம்பிக்கை உடைய மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. எங்கே பெரும்பான்மையின் மனம் புண்பட்டதா என்பதே குற்றத்தின் அளவுகோலாகிறதோ, அங்கே சிறுபான்மையினர் வாயைத் திறப்பதற்கே அஞ்ச வேண்டியிருக்கும்.

பாகிஸ்தானில் இது எப்படி நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இரு நாடுகளுக்கும் பொதுவானது. வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவோரைத் தண்டிக்கும் 295ஏ பிரிவு 1927இல் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே சேர்க்கப்பட்டது. அதன் வழித்தோன்றல் நம் நாட்டின் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவாக இன்றும் இருக்கிறது. பாகிஸ்தானில் இராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் அதன்மீது புதிய பிரிவுகள் ஏற்றப்பட்டன. குர்ஆனை இழிவுபடுத்துவதற்கு ஆயுள் தண்டனை விதிக்கும் 295பி பிரிவு 1982இலும், நபியை இழிவுபடுத்துவதற்கான 295சி பிரிவு 1986இலும் வந்தன. பின்னதில் முதலில் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று இருந்தது. 1990இல் அந்நாட்டின் கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம் மரண தண்டனை ஒன்றே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஆங்கிலேயர் எழுதிய பழைய பிரிவில் "வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்" என்ற நிபந்தனையாவது இருந்தது. 295சி பிரிவின் வாசகத்தில் அந்த நிபந்தனை இல்லை. மறைமுகமாகக் குறிப்புணர்த்துவதுகூட அதில் குற்றம். இச்சட்டத்தின்கீழ் அரசு இதுவரை எவரையும் தூக்கிலிடவில்லை என்பது உண்மை. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் வழக்கு முடியும் முன்பே கும்பல்களின் கையில் இறந்திருக்கிறார்கள் என்பதும், அப்படிக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் முஸ்லிம்களும் பெருமளவில் உண்டு என்பதும் உண்மை. ஆனாலும் 2017 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 1.27 விழுக்காடே இருக்கும் கிறிஸ்தவர்கள் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் இவ்வழக்குகளில் சிக்கியிருக்கிறார்கள்.

சிறுபான்மை என்பது தலைக்கணக்கு மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. பஞ்சாபின் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதம் மாறிய, தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டிருந்த சாதியினரின் வழிவந்தவர்கள். துப்புரவுப் பணிக்கான விளம்பரங்களில் "முஸ்லிம் அல்லாதோர் மட்டும்" என்று அச்சிடும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. மதத்தின் பெயரால் நடக்கும் ஒதுக்கலுக்குள் பழைய சாதி ஒதுக்கல் உட்கார்ந்திருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத்தான் அறிந்தேன். என் மாணவியின் பாட்டியோ கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டார்.

அடுத்த வாரம் ஆசியா பீபியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2009 ஜூன் மாதம், ஷேக்குபுராவை அடுத்த இட்டன் வாலி என்னும் சிற்றூரில், ஃபால்சா என்ற சிறு பழத்தைப் பறிக்கும் கூலிவேலையில் அவர் மற்றப் பெண்களோடு இருந்தார். வெயிலில் தண்ணீர் எடுத்து வந்தார். கிறிஸ்தவப் பெண் எடுத்து வந்த தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று உடன் வேலை செய்த பெண்கள் மறுத்தனர். வாய்த்தகராறு எழுந்தது. சில நாட்களில் அது நபியை இழிவுபடுத்திய குற்றச்சாட்டாக உருமாறிக் காவல்நிலையம் சென்றது. பேத்தியை அழைத்துப் போக வந்த பாட்டி, வகுப்பறைத் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், நாற்பது ஆண்டு நடவுக்கும் களைக்கும் போன கைகளை மடியில் வைத்தபடி, "அங்கயும் தனிக் குவளைதானா?" என்றார். வரப்பில் உயரத் தூக்கி ஊற்றும் தண்ணீரைக் கையேந்தி வாங்கிக் குடித்த நாட்கள் அவருக்கு நினைவிருந்தன. பாகிஸ்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வயலில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2010 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் ஆசியா பீபிக்கு மரண தண்டனை விதித்தது. அவரைச் சிறையில் சென்று கண்டு, சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீர் 2011 ஜனவரி 4 அன்று தம் மெய்க்காவலராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு மாதத்தில், மார்ச் 2 அன்று, சிறுபான்மையினர் நல அமைச்சரும் கத்தோலிக்கருமான ஷாபாஸ் பட்டி கொல்லப்பட்டார். 2014இல் லாகூர் உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. கடைசியில், 2018 அக்டோபர் 31 அன்று பாகிஸ்தான் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. சம்பவம் நடந்து ஐந்து நாள் கழித்தே முதல் தகவல் அறிக்கை பதிவானது, ஊர்க்கூட்டம் எங்கே கூடியது, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே சாட்சிகள் முரண்பட்டார்கள் என்று தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அவருக்காக வாதாடியவர் சைஃபுல் மலூக் என்ற முஸ்லிம் வழக்கறிஞர். அமர்வில் இருந்த நீதிபதி ஆசிஃப் சயீத் கோசா, தாசீரைக் கொன்றவனின் தண்டனையை 2015இல் உறுதிசெய்தபோது, மத நிந்தனைச் சட்டத்தை விமரிசிப்பது மத நிந்தனை ஆகாது என்று எழுதியவர். தீர்ப்பை எதிர்த்து நாடெங்கும் சாலைகள் மறிக்கப்பட்டன. நீதிபதிகளைக் கொல்லுமாறு வெளிப்படையாக அறைகூவல் விடுக்கப்பட்டது. 2019 மே மாதம் ஆசியா பீபி கனடா சென்று சேர்ந்தார்.

இந்த வரலாற்றில் அவரைக் காத்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால், மாணவியின் கேள்விக்கான விடையில் பாதி கிடைத்துவிடும். பெரும்பான்மைச் சமயத்தைச் சேர்ந்த ஓர் ஆளுநர், ஒரு வழக்கறிஞர், மூன்று நீதிபதிகள்: எல்லாரும் அந்நாட்டின் குடிமக்கள், அந்நாட்டின் அரசியலமைப்பை வைத்தே பேசியவர்கள். பாகிஸ்தான் அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு, தம் மதத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்கிறது; நம் 25ஆம் பிரிவோடு ஒப்பிட்டால் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கும் இடங்கள் உண்டு. 2013 செப்டம்பர் 22 அன்று பெஷாவரின் அனைத்துப் புனிதர் ஆலயத்தில் ஞாயிறு வழிபாடு முடிந்து வெளியே வந்தவர்களிடையே குண்டு வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தலைமை நீதிபதி தஸ்ஸாதுக் உசேன் ஜிலானி 2014 ஜூன் 19 அன்று அளித்த தீர்ப்பு, அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுக்க முயன்றது. வழிபாட்டிடங்களைக் காக்கத் தனிக் காவல்படை, சிறுபான்மையினருக்கான தேசிய அமைப்பு, வெறுப்பை விதைக்காத பாடநூல், அரசுப் பணியில் ஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்துதல் என அதில் கட்டளைகள் அடுக்கப்பட்டுள்ளன. தீர்ப்பு வந்து ஒன்பது ஆண்டு கழித்தும் ஜரன்வாலா நடந்தது என்றால், எழுதப்பட்டதற்கும் நடப்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பது தெரியும்.

மற்றப் பாதி, வெளியிலிருந்து வருவது. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. 48 நாடுகள் ஆதரித்தன, எந்த நாடும் எதிர்க்கவில்லை, எட்டு நாடுகள் வாக்களிக்காமல் விலகின. சிந்தனைக்கும் மனச்சான்றுக்கும் சமயத்துக்குமான சுதந்திரத்தை அதன் 18ஆம் பிரிவு சொல்கிறது; சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. அந்தச் சொற்களை ஏற்க முடியாது என்ற சவூதி அரேபியா விலகி நின்றது. குர்ஆனையே மேற்கோள் காட்டி அப்பிரிவை ஆதரித்துப் பேசியவர் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் முகமது ஜஃபருல்லா கான். அவர் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974இல் பாகிஸ்தான் தன் அரசியலமைப்பைத் திருத்தி அஹ்மதியர்கள் முஸ்லிம்களே அல்லர் என்று அறிவித்தது. கிறிஸ்தவர்களின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அஹ்மதியர்களையும் இந்துக்களையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரகடனம் என்பது வாக்குறுதி. அது சட்டக் கட்டுப்பாடு அன்று. அந்தக் கட்டுப்பாட்டைத் தருவது 1966இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகள் பன்னாட்டு உடன்படிக்கை. இதிலும் 18ஆம் பிரிவே மத சுதந்திரத்துக்குரியது. நெருக்கடி நிலையிலும் அதை நிறுத்திவைக்க முடியாது. இந்தியா 1979இல் இதில் சேர்ந்தது. பாகிஸ்தான் 2010இல் ஏற்புறுதி அளித்தபோது, 18ஆம் பிரிவு உட்படப் பல பிரிவுகளைத் தன் அரசியலமைப்புக்கும் ஷரியத்துக்கும் உட்பட்டே ஏற்பதாக நிபந்தனை போட்டது. வேறு பல நாடுகள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்தன. மறு ஆண்டே பாகிஸ்தான் அந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றை விலக்கிக்கொண்டது. "நாம எப்படிக் கேக்க முடியும்" என்பதற்கான நேரான பதில் இதுதான்: அந்த நாடு தானாகவே கையெழுத்திட்டு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. கொடுத்த வாக்கை நினைவூட்டுவது அத்துமீறல் ஆகாது.

நினைவூட்டுவதற்கு வழிகளும் உண்டு. ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் ஒவ்வொரு நாடும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மற்ற நாடுகளின் கேள்விகளுக்கு முன் அமர வேண்டும். உள்ளூர் அமைப்புகளும் அதற்குத் தகவல் அனுப்பலாம். மத சுதந்திரத்துக்கெனத் தனி ஐ.நா. அறிக்கையாளர் பதவி 1986 முதல் இருக்கிறது. 2004 முதல் 2010 வரை அப்பதவியை வகித்தவர் லாகூரின் வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர். 2008இல் இந்தியாவுக்கும் வந்து ஆராய்ந்து அறிக்கை தந்தவர். பல ஆண்டு முன்பே, சலாமத் மசீஹ் என்ற கிறிஸ்தவச் சிறுவன்மீது மத நிந்தனை வழக்குப் போடப்பட்டபோது, அவனுக்காக வாதாடி 1995இல் மரண தண்டனையிலிருந்து மீட்டவரும் அவர்தான். அந்த விடுதலைத் தீர்ப்பை எழுதிய நீதிபதிகளுள் ஒருவரான ஆரிஃப் இக்பால் பட்டி 1997இல் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவற்றோடு வணிகமும் சேர்கிறது. 2014 முதல் பாகிஸ்தானின் துணிமணிகள் உள்ளிட்ட ஏற்றுமதிப் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பெருமளவு தீர்வை விலக்கு அளிக்கிறது. மேற்சொன்ன உடன்படிக்கை உட்பட 27 பன்னாட்டு ஒப்பந்தங்களைப் பின்பற்ற வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. மத நிந்தனை வழக்குகளைச் சுட்டி அச்சலுகையை மறுபரிசீலனை செய்யுமாறு ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மத சுதந்திரத்தைக் கடுமையாக மீறும் நாடுகளைப் பட்டியலிடச் சொல்கிறது. 2018இல் பாகிஸ்தான் அதில் இடம்பெற்றது, ஆனால் அமெரிக்காவின் தேசநலன் கருதி என்று சொல்லித் தடைகளிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. இத்தகைய பட்டியல்களை நான் பெரிதாக நம்புவதில்லை. நட்பு நாட்டுக்கு ஒரு தராசும் மற்ற நாட்டுக்கு வேறு தராசும் என்றால், துன்புறுபவர்களுக்கே அது கெட்ட பெயர் தேடித் தரும். "மேற்கத்தியரின் ஆட்கள்" என்ற பழிச்சொல் ஏற்கெனவே அவர்கள்மீது விழுந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. பெரிய நாடு ஒன்று தன் சமயத்தவரைப் பிற நாட்டில் காப்பதாகச் சொல்லிக்கொள்வது பழைய முறை. உதுமானியப் பேரரசில் வாழ்ந்த கத்தோலிக்கர்களுக்குப் பிரான்சும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ரஷ்யாவும் காவலர் என்று உரிமை கொண்டாடின; 1853இல் மூண்ட கிரீமியப் போரின் காரணங்களில் அந்தப் போட்டியும் ஒன்று. காவலர் என்று ஒருவர் இருந்தால், அவருடைய நலன் மாறும் நாளில் காவலும் போய்விடும். கிறிஸ்தவ அரசு இருந்தாலே கிறிஸ்தவருக்குச் சுதந்திரம் என்பதும் உறுதியில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்குவைச் சில ஆண்டுகளிலேயே சுமார் நான்கு மாதம் சிறையில் அடைத்தது அந்தக் கோட்டையின் டேனியத் தளபதிதான். அவரை அனுப்பியது டென்மார்க்கின் அரசர் என்பதுகூட அவரைக் காக்கவில்லை.

நாகப்பட்டினத்தின் கதையை நான் இதனோடு சேர்த்தே சொல்வேன். ஸ்ரீவிஜய அரசர் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, பெருவுடையார் கோயிலைக் கட்டிய அதே ராஜராஜ சோழன், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை 1006ஆம் ஆண்டளவில் வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் அதற்குச் சான்று. கடல் கடந்து வந்த வணிகர்களின் புத்தப் பள்ளிக்குச் சைவ அரசனின் நிலக்கொடை! ஆனால் அது அரசனின் அருள். அந்த விகாரத்தில் கடைசியாக எஞ்சி நின்ற கோபுரத்தை 1867இல் ஆங்கில அரசின் அனுமதி பெற்று இடித்தவர்கள் இயேசு சபையினர், அதாவது என் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அதற்காக வாதாட அன்று நாகையில் புத்த சமயத்தினர் இல்லை. பிறர் நாட்டில் எங்கள் ஆலயங்கள் எரியும்போது எனக்கு வரும் துயரத்தோடு இந்த நினைவும் வருகிறது; வர வேண்டும் என்றே நினைக்கிறேன். அரசனின் அருளோ அயலரசின் காவலோ இல்லாதபோதும், எண்ணிக்கையில் ஒருவரே எஞ்சினாலும், நிலைத்து நிற்கக்கூடிய ஒன்று தேவை. அதற்குத்தான் உரிமை என்று பெயர்.

எல்லா வழியும் அடைபட்டால் புகலிடம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, மதத்தின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தகுந்த அச்சம் உடையவரையும் அகதியாக ஏற்கிறது. ஆபத்து இருக்கும் இடத்துக்கு அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. ஆசியா பீபிக்குப் புகலிடம் உயிரைக் கொடுத்தது. அவர் பிறந்த மண்ணைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆகவே இதை நான் கடைசி வழியாகவே கருதுகிறேன்.

இங்கிருந்து நாம் செய்யக்கூடியது சிறிது. அதைச் சரியாகச் செய்ய வேண்டும். எரியும் கட்டடத்தின் படம் கைப்பேசியில் வந்தவுடன் அனுப்பிவிடக் கூடாது: எந்த ஊர், எந்த நாள், வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்த பிறகே பேச வேண்டும். பொய்யான ஒரு படம் வெளிப்பட்டால், மெய்யான பத்து வழக்குகளையும் பொய் என்று தள்ளிவிட அது போதும். அதைவிட முக்கியமானது, அந்தப் படத்தைக் காட்டி நாகூரிலோ அய்யம்பேட்டையிலோ வாழும் நம் அண்டைவீட்டாரைப் பார்த்துக் குரல் உயர்த்தாமல் இருப்பது. ஜரன்வாலாவில் நடந்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை.

அந்த மாணவி இப்போது மேல்நிலைப் படிப்பை முடித்துவிட்டாள். சென்ற தவக்காலத்தில் விசுவாசிகள் மன்றாட்டை எழுதும் முறை அவளுக்கு வந்தது. "துன்புறும் கிறிஸ்தவர்களுக்காக" என்ற பழைய வரியை விட்டுவிட்டு, பொய் வழக்கில் சிறையிலிருக்கும் எல்லாச் சமயத்தாருக்காகவும், அவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்களுக்காகவும், அச்சமின்றித் தீர்ப்பு எழுத வேண்டிய நீதிபதிகளுக்காகவும் என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "தண்ணி வேணாம்னு சொன்னாங்களே, அந்தப் பொம்பளைங்களுக்கும் ஒரு வரி சேத்துக்க" என்றார். அவள் பேனாவை வாங்கி, அந்தத் தாளின் அடியில் சேர்த்துக்கொண்டாள்.